மருந்தும் வாய்நலமும்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் நாட்டுப் பழமொழி. பல்லின் அருமை அதனை இழந்த பின்னரே விளங்கும் என்பதை நம் முன்னோர் இவ்வாறு சுருங்கச் சொல்லி வைத்தனர். ஆயினும் பல்லைக் காப்பதென்றால் நாள்தோறும் துலக்குவதும், இனிப்பைக் குறைப்பதும் ஆகிய இரண்டுமே என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். இதயத்திற்கென்றும், இரத்தக் கொதிப்பிற்கென்றும், நீரிழிவிற்கென்றும், மூட்டுவலிக்கென்றும் நாம் விழுங்கும் மாத்திரைகள் நாவைக் கடந்து வயிற்றுக்குள் சென்றவுடன், வாய்க்கும் அவற்றிற்கும் உள்ள தொடர்பு அற்றுப்போயிற்று என்றே கருதுகின்றோம். இக்கருத்துத் தவறானது என்பதையும், இத்தவற்றால் சில வேளைகளில் உயிருக்கே இடர் விளையக்கூடும் என்பதையும் எடுத்துக் காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

இப்பொருளைப்பற்றி எழுதுமாறு என்னைத் தூண்டியது என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் என் பெரிய தந்தையார் வாழ்ந்து வருகின்றார். நாற்பது ஆண்டுகள் பட்டுத்தறியில் உழைத்தவர். அவருக்குச் சில ஆண்டுகளின் முன் மாரடைப்பு உண்டாயிற்று. வைத்தியர்கள் இதயத்து இரத்தக் குழாயிலிருந்த அடைப்பை நீக்கி, அது மீண்டும் சுருங்காதிருக்கும்பொருட்டு 'ஸ்டென்ட்' என வழங்கும் உலோக வலைக்குழல் ஒன்றை அதனுள் பொருத்தினார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்னும் இரண்டு மாத்திரைகளையும் ஒரு நாளும் தவறாது உட்கொள்ளுமாறு சொல்லி அனுப்பினார்கள். இரத்தக் கொதிப்பிற்கு அம்லோடிபினும், நீரிழிவிற்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் அவர் அதற்கு முன்பிருந்தே உண்டு வந்தவை. வெற்றிலை போடுவதை விட்டுவிட்டபின் வெறுமையாய்க் கிடந்த பழைய வெற்றிலைப் பெட்டியில் இம்மாத்திரைகளையெல்லாம் அடுக்கி வைத்திருப்பார்.

எட்டு மாதங்கள் கழிந்தபின் அவருடைய கடைவாய்ப்பல் ஒன்று பெருந்துன்பம் தரலாயிற்று. பல் வைத்தியரிடம் சென்றார். "வேறு மருந்து ஏதேனும் உண்கின்றீர்களா?" என்று வைத்தியர் முறைப்படியே கேட்டார். உண்மையைச் சொன்னால் பல்லைப் பிடுங்க மறுத்துவிடுவாரோ என்று அஞ்சிய பெரியவர், "பெரிதாக ஒன்றுமில்லை, ஐயா" என்று கூறிவிட்டார். வீக்கம் தணிய மருந்து கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார் வைத்தியர். வீடு திரும்பியதும் அண்டை அயலார் கூடிவிட்டனர். "இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உண்பவருக்குப் பல் பிடுங்கினால் இரத்தம் நிற்கவே நிற்காது" என்றார் ஒருவர். மற்றவர்களும் ஆமென்றனர். விடுமுறைக்காக அப்பொழுது நான் அங்கே சென்றிருந்தேன்.

"தம்பி, நீ படித்தவனாயிற்றே, பத்து நாள் இந்த மாத்திரைகளை நிறுத்தி வைத்தால் குடி முழுகிப் போகுமா?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

"பத்து நாள்தானே, பெரியப்பா, ஒன்றும் ஆகாது" என்றேன்.

நான் விஞ்ஞானம் பயின்றவன். ஆனால் வைத்தியம் பயின்றவன் அல்லேன். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லாது போயிற்று. ஏழாம் நாள் நள்ளிரவில் அவருக்கு மார்வலி கண்டது. உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றமையால் உயிர் தப்பினார். உலோகக் குழலுக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக் கொண்டதென்றும், மாத்திரைகளை நிறுத்தியதே அதற்குக் காரணமென்றும் வைத்தியர்கள் தெரிவித்தனர். அதன்பின்னரே இப்பொருளைக் குறித்து நூல்களைப் படிக்கவும், அறிந்தோரை வினவவும் தொடங்கினேன். அவ்வாறு கற்றவற்றுள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுகின்றேன்.

மருந்து அம்பைப் போன்றதன்று. ஆற்று நீரைப் போன்றது. அம்பு குறித்த இடத்தை மட்டும் சென்று தைக்கும். நீரோ, எவ்வயலுக்கென்று திறந்து விடப்பட்டாலும் வழியிலுள்ள வரப்பையும் வாய்க்காலையும் நனைத்துக்கொண்டே செல்லும். மாத்திரை வயிற்றிற் கரைந்து இரத்தத்திற் கலந்தபின், இதயத்திற்குச் செல்லும் அதே இரத்தமே ஈறுக்கும், தாடையெலும்புக்கும், உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் செல்கின்றது. ஆகையால் வாயில் உள்ள உமிழ்நீர், ஈறு, இரத்தம், எலும்பு ஆகிய நான்கினையும் மருந்துகள் எவ்வாறு தொடுகின்றன என்பதை முறையே நோக்குவோம்.

1. உமிழ்நீர்

உமிழ்நீரை நாம் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆனால் நம் வாயில் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றது. உணவுத் துணுக்குகளைக் கழுவிச் செல்வது அதன் வெளிப்படையான தொழில். அதனினும் அரிய தொழில் வேறொன்று உண்டு. நாம் இனிப்பையோ மாவுப் பொருளையோ உண்டவுடன், பல்லின்மேல் படிந்துள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச்செய்து அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைக் கரைக்கின்றது. உமிழ்நீரிலுள்ள பைகார்பனேட் என்னும் உப்பு அவ்வமிலத்தின் கூர்மையை அடக்குகின்றது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தைச் செப்பனிடுகின்றன. எனவே, நாள்தோறும் சிதைவதும் நாள்தோறும் சீர்ப்படுவதுமாகப் பல் நிலைபெற்றிருக்கின்றது.

வாயை உலரச் செய்யும் இயல்புடைய மருந்துகள் நூற்றுக்கணக்கானவை. சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின் முதலியன, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், இரத்தக் கொதிப்பிற்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் ஆகியவை அவற்றுட் சில. உமிழ்நீர் குறைந்தால் மேற்சொன்ன செப்பனிடும் வேலை நின்றுபோகின்றது. நெடுநாள் நன்றாயிருந்த பற்கள் ஓராண்டிற்குள் ஈறோரத்திலேயே சொத்தை விழக் காண்கின்றோம். வாய் உலர்கின்றதே என்று மிட்டாயை அடிக்கடி சப்புவோர் எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பவராகின்றனர். சிறிது சிறிதாகத் தண்ணீர் பருகுவதும், சர்க்கரை சேராத பொருளை மெல்லுவதும், ஃபுளூரைடு கலந்த பற்பசையைக் கொண்டு துலக்குவதுமே தக்கவை. இரவில் மருந்துண்டு உறங்குவோர் பல் துலக்கிய பின்னரே உறங்கவேண்டும்; உறக்கத்தில் உமிழ்நீர் இயல்பாகவே மிகவும் குறைந்துவிடும்.

ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு மருந்தை வாய்வழியாக உறிஞ்சுவோருக்கு வேறோர் இடர் உண்டு. மருந்தின் ஒரு பகுதி நாவிலும் அண்ணத்திலும் தங்கி, அவ்விடத்துக் காப்பாற்றலைத் தளர்த்துவதால், காளான் இனத்தைச் சார்ந்த நுண்ணுயிர் பெருகி வெண்ணிறப் படலமாகப் படர்கின்றது. மருந்தை உறிஞ்சியவுடன் வாயைக் கொப்புளித்துத் துப்புதல் என்னும் எளிய பழக்கம் இதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

2. ஈறு

என் பெரிய தந்தையாரின் முன்பற்களுக்கிடையே ஈறு தடித்து, சிறு மொட்டுகள் போலப் புடைத்திருந்தது. வயது முதிர்வினால் வந்ததென்று அவர் எண்ணியிருந்தார். அவர் உண்டு வந்த அம்லோடிபினே அதற்குக் காரணமாயிருக்கக்கூடும் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தோம்.

மருந்தினால் ஈறு வளரும் செய்தி முதன்முதல் வலிப்புநோய் மருந்தினின்று தெரியவந்தது. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மெரிட், பட்னம் என்னும் இருவர், வலிப்பை அடக்குவதற்குப் பெனிட்டாயின் என்னும் மருந்து உதவும் என்று வெளியிட்டனர். மறு ஆண்டிலேயே, 1939இல், கிம்பால் என்பார் அம்மருந்தை உண்போர் பலருக்கு ஈறு தடித்து வளர்வதைக் கண்டு எழுதினார். பெனிட்டாயினை நெடுநாள் உண்போருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது நேர்கின்றது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் உண்ணும் சைக்ளோஸ்போரினுக்கும் இவ்வியல்பு உண்டு. இரத்தக் கொதிப்பு மருந்தாகிய நிஃபெடிபினுக்கும் இது உண்டென்பது 1984இல் வெளிவந்தது. அதே இனத்தைச் சேர்ந்த அம்லோடிபினால் நூற்றில் ஒரு சிலருக்கே இவ்வாறு நேர்கின்றதெனினும், அதனை உண்போர் தொகை மிகப் பெரிதாகையால் அச்சிலரும் பலராகின்றனர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தினால், இரத்தக் கொதிப்பிற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் வீட்டு வாயிலுக்கே வந்து சேரலாயின. அது பெரும் நன்மையே. மாத்திரை வாயிலுக்கு வந்தால், அதனைப்பற்றிய அறிவும் உடன் வரவேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

இம்மருந்துகள் ஈற்றிலுள்ள நார்த்திசு மிகுதியாகச் சேரவும், பழைய நார் கரையாது தங்கவும் செய்கின்றன. ஆனால் மருந்து மட்டும் இதனைச் செய்வதில்லை. பல்லோரத்தில் அழுக்குப் படிந்திருக்குமிடத்திலேயே வளர்ச்சி மிகுதி. துலக்குதலில் விழிப்பாயிருப்போர்க்கு இது குறைவாகவே காணப்படுகின்றது. வளர்ச்சி மிகுந்தவிடத்து, மருந்து கொடுத்த வைத்தியர் அதனை மாற்றி வேறு மருந்து தரக்கூடும். மாற்றியபின் சில திங்களில் ஈறு சுருங்குவதும் உண்டு. தாமாக நிறுத்துதல் மட்டும் கூடாது. ஈறு தடித்ததென்று வலிப்பு மருந்தை விட்டவர் அடுப்பங்கரையிலோ ஆற்றங்கரையிலோ வலிப்பு வந்து விழுந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

3. இரத்தம்

இனி இவ்வியாசத்தின் தலையாய பகுதிக்கு வருவோம். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து என்று மக்கள் வழங்குவது பிழையான பெயர். இம்மருந்துகள் இரத்தத்தில் நீரைக் கூட்டுவதில்லை; அது உறையும் வேகத்தையே குறைக்கின்றன. இவை இருவகைப்படும்.

முதல் வகை, இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு செய்வது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் இவ்வகையின. தலைவலிக்கென 1899ஆம் ஆண்டில் கடைக்கு வந்த ஆஸ்பிரின், இன்று 75 மில்லிகிராம் அளவான சிறு மாத்திரையாக இதயநோயாளரைக் காத்து வருகின்றது. ஒருமுறை அதனால் தாக்குண்ட தட்டணு, தன் வாழ்நாளாகிய ஏழு முதல் பத்து நாள் வரை மீண்டும் ஒட்டும் ஆற்றலைப் பெறுவதில்லை. மாத்திரையை ஒரு வாரமோ பத்து நாளோ நிறுத்தவேண்டும் என்று மக்கள் கணக்கிடுவது இதனாலேயே. கணக்குச் சரிதான், முடிவுதான் தவறு. அப்பத்து நாளில் பல்லின் குழியில் மட்டும் இரத்தம் எளிதில் உறையத் தொடங்குவதில்லை. இதயத்துக் குழலிலும் மூளையின் நாளங்களிலும் அங்ஙனமே உறையத் தொடங்குகின்றது.

இரண்டாம் வகை, உறைதலுக்கு வேண்டிய புரதப் பொருள்கள் உண்டாவதைத் தடுப்பது. வார்ஃபரின், அசினோகூமரால் என்பவை இவ்வகையைச் சார்ந்தவை. வாதக் காய்ச்சலால் இதயத்தின் தடுக்கிதழ் கெட்டுச் செயற்கை இதழ் பொருத்தப்பெற்றோர் நம் நாட்டில் பலர். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய இந்தியச் செயற்கை இதழ் 1990ஆம் ஆண்டில் முதன்முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய செயற்கை இதழ் உடையோர் வாழ்நாள் முழுவதும் இம்மருந்தை உண்ணவேண்டும். அவர்களுக்கு 'ஐ.என்.ஆர்.' என்னும் இரத்தச் சோதனை செய்து அளவை அறிவர். மருந்துண்ணாதோர்க்கு அவ்வெண் ஒன்றை ஒட்டியிருக்கும். மருந்துண்போர்க்குப் பெரும்பாலும் 2 முதல் 3 வரையிலும், சிலருக்குச் சற்று மேலாகவும் வைத்திருப்பர். அது 4க்குக் கீழ் இருப்பின், மருந்தை நிறுத்தாமலே சாதாரணமாகப் பல்லை எடுக்கலாம் என்பது பிரிட்டன் முதலிய நாடுகளின் பல் வைத்தியர்கள் பின்பற்றும் வழிகாட்டு முறை. சோதனையைப் பல் எடுப்பதற்குச் சற்று முன்னரே, இயன்றால் 24 மணி நேரத்திற்குள், செய்தல் வேண்டும். அன்றியும், செயற்கை இதழ் உடையோர்க்குப் பல் எடுக்கும்போது வாயிலுள்ள கிருமி இரத்தத்திற் புகுந்து இதழைப் பற்றாதிருக்க, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாக அமாக்ஸிசிலின் போன்ற மருந்தை ஒரு வேளை கொடுப்பது வழக்கம். இதனையும் பல் வைத்தியர் முன்னதாக அறிந்தாலன்றிச் செய்யவியலாது.

அப்படியாயின் இரத்தம் மிகுதியாக வடியாதோ என்று கேட்கலாம். சிறிது நேரம் கூடுதலாக வடியும் என்பது உண்மையே. ஆனால் பல்லின் குழி கண்ணுக்குத் தெரிவது, விரலுக்கு எட்டுவது. அங்கே பஞ்சுத் துணியை வைத்து அரைமணி நேரம் அழுத்திக் கடிக்கலாம், தையல் இடலாம், கரையும் இயல்புடைய ஜெலட்டின் பஞ்சை உள்ளே வைக்கலாம், டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் மருந்தில் தோய்த்த துணியை வைத்து நிறுத்தலாம். இதயத்துக்குள் உறைந்த இரத்தக்கட்டியை எவர் விரலால் அழுத்த முடியும்? கைக்கு எட்டும் சிறு தீங்கிற்கு அஞ்சி, கைக்கு எட்டாத பெருந்தீங்கினை வரவழைத்துக் கொள்வது அறிவுடைமையாகாது. இந்த ஒன்றை அன்று நான் அறிந்திருந்தேனாயின், பெரியவருக்கு அவ்விரவு நேர்ந்திராது.

4. எலும்பு

எலும்பைக் காக்கக் கொடுக்கும் மருந்தே தாடையெலும்பைக் கெடுப்பதும் உண்டு என்பது வியப்பிற்குரியது. முதுமையில் எலும்பு நொய்ந்தோர்க்கு அலென்ட்ரோனேட் என்னும் மாத்திரையும், புற்றுநோய் எலும்பிற் பரவியோர்க்குச் சோலெட்ரோனிக் அமிலம் என்னும் ஊசி மருந்தும் கொடுக்கப்படுகின்றன. இவை எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களை அடக்கி, எலும்பை உறுதிப்படுத்துகின்றன. ஆனால் பல் எடுத்த குழி ஆறவேண்டுமானால் பழைய எலும்பு கரைந்து புதிய எலும்பு தோன்றவேண்டும். கரைதல் அடங்கிவிட்டமையால் குழி ஆறாமல், எலும்பு வெளியே தெரிந்து மடிந்துபோகக்கூடும். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இராபர்ட் மார்க்ஸ் என்னும் வைத்தியர் இதனை உலகுக்கு அறிவித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெண்பாஸ்பரத்தைக் கொண்டு தீக்குச்சி செய்த ஐரோப்பியத் தொழிலாளருக்கும் இதனையொத்த தாடை நோய் உண்டாயிற்று. வெண்பாஸ்பரத் தீக்குச்சியை விலக்கும் உடன்படிக்கை 1906இல் பெர்ன் நகரில் ஏற்பட்டது.

மாத்திரையாக உண்போர்க்கு இவ்விடர் மிக அரிது. புற்றுநோய்க்காக ஊசியாகப் பெறுவோர்க்கே மிகுதி. ஏனாத்தூருக்கு அணித்தாகக் காரப்பேட்டையில், காஞ்சியிற் பிறந்து 1969இல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் விளங்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருத்தலால், எங்கள் பக்கத்தார்க்கு இச்செய்தி தொலைவிலுள்ள செய்தியன்று. புற்றுநோய்ச் சிகிச்சை பெறவிருக்கும் எவரும், இவ்வூசியோ, தாடையின்மேல் கதிர்வீச்சோ தொடங்குமுன் பல் வைத்தியரிடம் சென்று, எடுக்கவேண்டிய பற்களை எடுத்தும், அடைக்கவேண்டியவற்றை அடைத்தும் முடித்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் வருமுன் கரையை உயர்த்துவது போன்றதே இது.

5. குழந்தைகள்

குழந்தைகளுக்கு இருமலுக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் சாற்று மருந்துகள் பலவற்றில் சர்க்கரை மிகுந்துள்ளது. நாட்பட்ட நோயுடைய குழந்தைக்கு இரவில் இதனைப் புகட்டி அப்படியே உறங்க வைத்தால், சர்க்கரைப் பாகு இரவு முழுவதும் பல்லிற் படிந்திருக்கும். மருந்து கொடுத்தபின் சிறிது நீர் பருகச் செய்வதும், பல்லைத் துடைத்துவிடுவதும் தாயின் கடமை. சர்க்கரையில்லா மருந்து உண்டா என வைத்தியரைக் கேட்டறிவதும் நன்று.

டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளின் வரலாறு நம் மாகாணத்தோடு தொடர்புடையது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள் அமெரிக்காவிலுள்ள லெடர்லி ஆராய்ச்சி நிலையத்திற்குத் தலைமை தாங்கியிருந்த காலத்திலே, டக்கர் என்பார் இவ்வினத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசினைக் கண்டெடுத்தார். அது 1948இல் வெளிவந்தது. பல உயிர்களைக் காத்த அம்மருந்து, வளர்ந்து வரும் பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு ஒன்றி, மஞ்சளும் பழுப்புமான அழியாக் கறையை உண்டாக்குகின்றது என்பது அடுத்த பத்தாண்டுகளில் தெரியவந்தது. எனவே கருவுற்ற தாய்மார்க்கும், பல் அரும்பி வளரும் எட்டு வயது வரையிலுள்ள சிறார்க்கும் டெட்ராசைக்ளினைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. வீட்டில் எஞ்சிக் கிடக்கும் பெரியவர் மருந்தைக் குழந்தைக்குப் பகுத்துக் கொடுக்கும் வழக்கம் எத்துணைத் தீங்கானது என்பது இதனால் விளங்கும்.

6. பல் வைத்தியர் தரும் மருந்துகள்

இதுகாறும் நாம் உண்ணும் மருந்து பல்லை எவ்வாறு தொடுகின்றது என்பதைக் கண்டோம். பல்லுக்கெனத் தரும் மருந்து, நாம் முன்னரே உண்ணும் மருந்தோடு முரண்படுதலும் உண்டு. உணர்ச்சியை மரக்கச் செய்யும் ஊசியில் லிக்னோகெயினோடு அட்ரினலின் என்னும் பொருளையும் மிகச் சிறிய அளவிற் சேர்ப்பர். ப்ரோப்ரனலால் என்னும் மாத்திரையை உண்போர்க்கு இவ்வட்ரினலின் இரத்தக் கொதிப்பைத் திடீரென உயர்த்தக்கூடும். அறிந்த வைத்தியர் அளவைக் குறைத்து மெல்லச் செலுத்துவார். பல்வலிக்கு நாம் கடையில் வாங்கி விழுங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் முதலியன இரத்தக் கொதிப்பு மருந்துகள் பலவற்றின் ஆற்றலைக் குறைப்பதோடு, சிறுநீரகத்திற்கும் ஊறு செய்யலாம். இரத்தம் உறையாமைக்கு மருந்துண்போர்க்கு வயிற்றில் இரத்தக்கசிவையும் உண்டாக்கலாம். ஈறு வீக்கத்திற்குத் தரும் மெட்ரோனிடசோல், வார்ஃபரின் இனத்து மருந்தின் வேகத்தை மிகுவித்து, அடங்கியிருந்த இரத்தக்கசிவை எழுப்பிவிடும்.

நீரிழிவுடையோர் சிலர், பல் எடுக்கும் நாளில் உண்ணாதிருக்க வேண்டுமென்று எண்ணி, மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு செல்கின்றனர். கிளிமிபிரைடு முதலிய மாத்திரை உண்டவரும், இன்சுலின் குத்திக்கொண்டவரும் உணவின்றி இருப்பின் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். மரப்பூசி மட்டும் போட்டுச் செய்யும் சிகிச்சைக்கு உண்ணாநோன்பு வேண்டுவதில்லை. காலை உணவை உண்டு, வழக்கமான மருந்தையும் கொண்டபின், முற்பகலிலேயே செல்வது தக்கது.

மற்றொரு வழக்கத்தையும் இங்கே கண்டிக்கவேண்டும். பல்வலி தாங்காமல் ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து வலிக்குமிடத்தில் அடக்கிக்கொள்வோர் உளர். அம்மாத்திரை விழுங்கினாலன்றி வலியைத் தணிக்காது. ஈற்றில் வைத்தால் அமிலமாதலின் தசையை வெளுக்கச் சுட்டுப் புண்ணாக்கும். வலியோடு புண்ணும் சேர்வதே பயன்.

7. நாம் செய்யவேண்டுவன

மேற்கூறியவற்றால் போதரும் நெறிகள் சிலவே. முதலாவது, பல் வைத்தியரிடம் செல்லும்போது நாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் உறையோடு கையிற் கொண்டு செல்லவேண்டும். பெயர் நினைவிராது; நிறத்தைச் சொன்னால் விளங்காது. நாட்டு மருந்தும், சூரணமும், ஆண்டுக்கொருமுறை போடும் ஊசியும் இவற்றுள் அடங்கும். இரண்டாவது, எம்மருந்தையும் நாமாக நிறுத்துதல் ஆகாது. நிறுத்த வேண்டுமாயின் அதனைக் கொடுத்த வைத்தியரே பல் வைத்தியரோடு கலந்து முடிவு செய்யவேண்டும். மூன்றாவது, புதிய மருந்து தொடங்கியபின் வாய் உலர்தல், ஈறு தடித்தல், சுவை மாறுதல், புண் உண்டாதல் ஆகியவை தோன்றினால், முதுமையென்று வாளா இராமல் தெரிவிக்கவேண்டும். நான்காவது, படித்தோம் என்னும் பெயரால் பிறர்க்கு மருந்து நிறுத்தவோ தொடங்கவோ யோசனை கூறுதலை நம் போன்றோர் ஒழிக்கவேண்டும். இந்நான்காவது நெறி எனக்கு நானே விதித்துக்கொண்டது.

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வையில் உள்ளது என்பர். சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். தறியில் அமர்ந்த நெசவாளியும், பக்கத்தில் அமர்ந்த துணையாளும் தத்தம் நாடாவை முறையறிந்து செலுத்தி, உடலிழையையும் கரையிழையையும் ஒன்றோடொன்று கோத்து நெய்வர். ஒருவர் செய்வதை மற்றவர் அறியாராயின் உடல் ஒரு பக்கமும் கரை ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். இதயத்தைக் காக்கும் வைத்தியரும் பல்லைக் காக்கும் வைத்தியரும் அங்ஙனம் இருவர். அவ்விருவரையும் கோக்கும் இழை, நோயாளி திறந்து கூறும் உண்மை ஒன்றே.

பெரிய தந்தையாரின் பல் என்னாயிற்று என்று அறிய நண்பர்கள் விரும்பலாம். இதய வைத்தியரின் கருத்துப்படி, முதலில் வேருக்குச் சிகிச்சை செய்து வலியைத் தணித்தனர். பல திங்கள் கழிந்து, அவர் இசைவு தந்தபின்னர், மாத்திரைகளை ஒரு வேளையும் நிறுத்தாமல் அப்பல்லை எடுத்தனர். அன்று நானும் உடன் சென்றிருந்தேன். பெரியவர் நாற்காலியில் அமர்ந்தவுடன், கேட்குமுன்பே வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்தியர் முன் நீட்டினார். வைத்தியர் ஒவ்வொரு மாத்திரையாக எடுத்துப் பெயர் படித்து எழுதிக்கொண்டார். பல்லை எடுத்தபின் துணியைக் கடித்தவாறு அரைமணி நேரம் அமர்ந்திருந்தார். இரத்தம் நின்றது. வெளியே வந்ததும், பேச இயலாமையால், என் தோளைத் தட்டி அப்பெட்டியை என் கையிற் கொடுத்தார். அதனை ஏந்திக்கொண்டு அவர் பின்னே நடந்தேன்.